உப்பளத்துத் தண்ணீரும் ஆப்டிகல் ஃப்ளோவும்

மரக்காணம் உப்பளத்தில் எடுத்த காட்சிகளைப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர்?" என்றுதான். டாவின்சி ரிசால்வ். அதிலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் பதிப்பு. விஷயம் அதோடு முடிகிறதென்றால் இந்தப் பதிவே வேண்டியதில்லை. கூடையிலிருந்து உப்பு சரிகிறதே, அந்தக் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் ரிசால்வுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. வரப்பில் நின்றுகொண்டு கேமராவில் 120 என்று வைத்தபோதே அது முடிவாகிவிட்டது. எடிட்டிங்கில் நான் செய்ததெல்லாம், கிடைத்ததைக் கெடுக்காமல் விட்டதுதான்.

ஸ்லோ மோஷன் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் எடுத்துவிட்டு வரலாம், வீட்டில் உட்கார்ந்து மெதுவாக்கிக்கொள்ளலாம் என்பது. சில காட்சிகளுக்கு அது உண்மை. உப்பளத்துக்குப் பெரும்பாலும் உண்மையில்லை. எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேதனை குறையும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், நம் நாட்டு டிவிக்கு 25, கையிலிருக்கும் போன்களில் பெரும்பாலும் 30. நொடிக்கு 120 ஃப்ரேம் எடுத்து 30-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும், 24-இல் ஓட்டினால் ஐந்து மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமும் கேமரா நிஜமாகவே கண்ட ஃப்ரேம். 1904-இல் ஆஸ்திரியாவில் ஆகஸ்ட் முஸ்கர் என்ற பாதிரியார், சுழலும் கண்ணாடி உருளை ஒன்றை வைத்து இதற்குக் காப்புரிமை கோரினார். பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். வேகமாக எடு, நிதானமாகக் காட்டு என்ற அவருடைய அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நம்மூர் படப்பிடிப்பில் "48-ல போங்க", "96-ல போங்க" என்று சொல்வதும் அதையேதான். ஃபிலிம் காலத்தில் கேமராமேன் அப்படி எடுத்துத் தராவிட்டால் எடிட்டருக்கு வேறு கதி கிடையாது. லேபில் கொடுத்து ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டிரண்டு முறை அச்சடிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அது தடக் தடக் என்றுதான் ஓடும்.

அந்தத் தடக் தடக்தான் இன்றைக்கும் எல்லாருக்கும் பிரச்சினை. அதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. அதைக் கவனிக்காமல் ஆப்டிகல் ஃப்ளோ, செயற்கை நுண்ணறிவு என்று ஓடுகிறார்கள்.

உங்கள் டைம்லைன் 25 ஃப்ரேம். கிளிப் 60 ஃப்ரேம். வேகத்தை 50 சதவீதம் என்று போடுகிறீர்கள். பாதி வேகம், கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். 60-இல் பாதி 30. ஒவ்வொரு நொடிக்கும் 30 ஃப்ரேம் வந்து நிற்கிறது, டைம்லைனில் 25-க்குத்தான் இடம். ஆறில் ஒன்றை சாஃப்ட்வேர் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஐந்து ஃப்ரேம் ஒழுங்காகப் போய் ஆறாவதில் ஒரு துள்ளல், மறுபடி ஐந்து, மறுபடி துள்ளல். வரப்பில் தலைச்சுமையோடு நடந்து வரும் ஒருவரை அப்படிப் பார்த்தால் காலில் முள் குத்தியவர் மாதிரி இருக்கும். 50-க்குப் பதில் 41.67 சதவீதம் போட்டால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம் சரியாக உட்காரும். துள்ளல் போய்விடும். 120 ஃப்ரேம் கிளிப் என்றால் 20.83. இந்தத் தசமத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லையென்றால் வேறு வழியும் இருக்கிறது. ரிசால்வில் கிளிப் மேல் ரைட் கிளிக் செய்து 'கிளிப் அட்ரிபியூட்ஸ்' போய் வீடியோ ஃப்ரேம் ரேட்டை 25 என்று மாற்றிவிடுங்கள். பிரீமியரில் இதற்கு 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' என்று பெயர். கிளிப் தானாகவே முழு ஸ்லோ மோஷனாகிவிடும், ஒரு ஃப்ரேமும் கூடாது, குறையாது. டைம்லைனுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

போனில் மட்டுமே எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: டைம்லைனையே 30-ஆக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது 30, 60, 120, 240. எல்லாம் 30-ஆல் வகுபடும். 25 வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்க டிவிக்குக் கொடுப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

போனில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 60 என்று சொல்லிவிட்டு வெளிச்சத்துக்குத் தகுந்தபடி 58, 59 என்று கூட்டியும் குறைத்தும் பதிவு செய்யும். போனிலேயே பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. எடிட்டிங்கில் மெதுவாக்கியதும் அங்கங்கே இழுக்கும், ஒலியும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை நிலையானதாக, 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. விளம்பரத்தில் 960 ஃப்ரேம் என்று போடும் போன்களில் சிலவற்றில் அந்த 960-உம் நிஜமல்ல, நடுவில் இட்டு நிரப்பியதுதான். அதை நம்பி உப்பளத்துக்குப் போகாதீர்கள்.

போதுமான ஃப்ரேம் இல்லாதபோது சாஃப்ட்வேருக்கு மூன்று வழி. ரிசால்வில் 'ரீடைம் ப்ராசஸ்' என்ற இடத்தில் மூன்றும் இருக்கும். 'நியரஸ்ட்' இருக்கிற ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். அந்தக் கால லேப் செய்தது இதையேதான். 'ஃப்ரேம் பிளெண்ட்' பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும். துள்ளல் குறையும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு ஆவி நிழல் வந்துவிடும். மூன்றாவது 'ஆப்டிகல் ஃப்ளோ'. முதல் ஃப்ரேமில் இங்கே இருந்த புள்ளி அடுத்த ஃப்ரேமில் எங்கே போயிருக்கிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தேடி, நடுவில் அது எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, இல்லாத ஃப்ரேமை வரைகிறது. 1981-இல் ஹார்ன், ஷுங்க் என்ற இருவரும், தனியாக லூகாஸ், கனாடே என்ற இருவரும் இந்தக் கணிதத்துக்கு வழி போட்டார்கள். அவர்கள் ஆராய்ச்சி கணினிக்குக் கண் கொடுப்பது பற்றியது. இன்று கல்யாண வீடியோவரை வந்துவிட்டது.

அந்த இரு ஜோடியின் ஆராய்ச்சிகளுக்கும் அடிப்படையில் ஓர் அனுமானம் இருந்தது: ஒரு புள்ளி நகர்ந்தாலும் அதன் வெளிச்சம் மாறாது என்பது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு உப்பளத்தைப் பாருங்கள்.

ஈசிஆரில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாகக் கண்ணாடி விரித்துப் போட்ட மாதிரி தெரியும். காலையில் காற்று லேசாக அடித்தாலே ஒவ்வொரு பாத்தியிலும் ஆயிரம் மினுக்கு. ஒரு ஃப்ரேமில் இருந்த மினுக்கு அடுத்த ஃப்ரேமில் இருக்காது, வேறிடத்தில் வேறொன்று வந்திருக்கும். எதுவும் நகரவில்லை. அணைந்து அணைந்து எரிகிறது. ஆப்டிகல் ஃப்ளோ அதையெல்லாம் ஓடிய புள்ளி என்று எடுத்துக்கொண்டு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கோடு இழுக்கும். தண்ணீர் கூழாகிவிடும்.

உப்பு வாருகிற காட்சியை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். நீளக் கம்பில் செருகிய பலகையை உப்புத்தண்ணிக்குள் இறக்கிப் பின்னால் இழுக்கிறார்கள். பலகைக்கு முன்னால் சாம்பல் வெள்ளையில் ஒரு சின்ன அலை எழும்பும். அலைக்கு அடியில் உப்பு புரளும். மேலே ஓடும் தண்ணீர் ஒரு திசை, அடியில் உருளும் உப்பு ஒரு திசை, இரண்டுக்கும் மேல் வானத்தின் நிழல் அசையாமல். ஒரே இடத்தில் மூன்று அடுக்கு. ஆப்டிகல் ஃப்ளோவால் ஒரு புள்ளிக்கு ஒரு திசைதான் கொடுக்க முடியும். வானத்தின் நிழலைப் பிடித்துக்கொண்டால் உப்பு உறைந்துபோகும். உப்பைப் பிடித்துக்கொண்டால் வானம் பலகையோடு சேர்ந்து இழுபடும். வேறொரு சாஃப்ட்வேர் வாங்கினாலும் இதே கதைதான். ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பில் 'ஸ்பீட் வார்ப்' என்று ஒன்று தருகிறார்கள், நரம்பு வலைப்பின்னல் முறையில் இயங்குவது. ரைஃப் போன்ற இலவச நிரல்களும் வந்துவிட்டன. எல்லாமே பழைய ஆப்டிகல் ஃப்ளோவைவிடப் பல படி மேல். ஆனாலும் கூடையைக் கவிழ்க்கும்போது சரியும் உப்பில் அவற்றுக்கும் மூச்சு முட்டும். எல்லாக் கல்லும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. எந்தக் கல் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிக்கும்?

வரப்பில் நடப்பவர்களின் கால்களும் இதே போல. ஒரு கால் இன்னொன்றைத் தாண்டும் நொடியில் பின்னாலிருந்த கால் மறைகிறது. மறைந்த இடத்தில் என்ன இருந்தது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. முழங்காலைச் சுற்றி வரப்பின் விளிம்பு ரப்பர் மாதிரி வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஆப்டிகல் ஃப்ளோ நன்றாக எடுபட்ட இடங்களும் உண்டு. கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரத்தை நோக்கி கேமரா மெல்ல நகர்கிற ஷாட். பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே மேகம் போகிற ஷாட். அதே மேகம் தண்ணீரில் தெரியாமல் சட்டகம் வைத்திருந்தால் இன்னும் சுத்தம். முகத்தை நெருக்கத்தில் வைத்து எடுத்ததும், வியர்வை வழிகிற இடத்தைத் தவிர, குறையில்லாமல் வந்தது. தெளிவான விளிம்பு, சிறிய நகர்வு, ஒன்றை ஒன்று மறைக்காத சட்டகம். இந்த மூன்றும் இருந்தால் 25 ஃப்ரேமில் எடுத்ததைக்கூடப் பாதி வேகத்துக்குத் தயங்காமல் இறக்கலாம். கால் வேகத்துக்கு இறக்காதீர்கள். இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவில் மூன்று கற்பனை ஃப்ரேம் என்றால் சாஃப்ட்வேர் சொல்லும் கதையைத்தான் நாம் பார்க்கிறோம்.

கழுவெளிப் பறவைகளுக்கு வருகிறேன். உப்பளத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை நின்று மேயும்போது எந்த முறையிலும் மெதுவாக்கலாம். பறக்கத் தொடங்கியதும் 120-க்குக் குறையாமல் எடுங்கள். சிறகு மேலே ஒரு ஃப்ரேம், கீழே ஒரு ஃப்ரேம் என்று கிடைத்தால் நடுவில் சிறகையே காணோம் என்று கணினி முடிவு செய்துவிடும்.

சரி, 120-இல் எடுத்துவிடலாம், என்ன கஷ்டம் என்று கேட்கலாம். வெளிச்சம்தான் கஷ்டம். உப்பளத்து வேலை வெயிலுக்கு முந்தியது. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள், வெயில் உச்சிக்கு வரும்போது பெரும்பாலும் கரையேறியிருப்பார்கள். 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 வைக்கலாம். 120 என்றால் 1/240. உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கிழக்கு வெளுக்கும் அந்த நேரத்தில் அந்த இழப்பை ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும், ஏற்றினால் படம் முழுக்கப் பொரிப் பொரியாக இரைச்சல். அந்த இரைச்சலையும் ஆப்டிகல் ஃப்ளோ நகரும் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த நேரக் காட்சிகளைப் பின்னால் மெதுவாக்க வேண்டியிருந்தால் முதலில் இரைச்சலை நீக்கி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதன்பிறகு வேகத்தில் கை வையுங்கள்.

சூரியன் கொஞ்சம் ஏறியதும் நிலைமை தலைகீழ். உப்பின் வெள்ளை கண்ணைக் கூசும், போன் தானாக ஷட்டரை 1/2000, 1/4000 என்று ஏற்றிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தியால் வெட்டியது போல இருக்கும். சாதாரண வேகத்தில் ஓட்டினால் அசைவு வெடுக் வெடுக்கென்று தெரியும். கண்ணுக்கு இதமான அசைவு வேண்டுமானால் என்டி ஃபில்டர் அவசியம். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது என்பதால் உச்சி வெயிலில் என்டி 32 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு விதிவிலக்கு: இந்தக் காட்சியை ஆப்டிகல் ஃப்ளோவுக்குத்தான் கொடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் வேக ஷட்டரே நல்லது. கலங்கிய விளிம்பைவிடக் கூர்மையான விளிம்பை அது எளிதாகப் பின்தொடரும். அசைவின் கலங்கலைக் கடைசியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு மேல் நீள லென்ஸ் போட்டு தூரத்து ஆட்களை எடுக்காதீர்கள். கானல் ஆடும். நேரில் பார்க்க அழகு, மெதுவாக்கினால் மனிதர்கள் தண்ணீருக்கடியில் நடப்பது போல நெளிவார்கள். கிட்டே போய் எடுங்கள்.

மூட்டை கட்டும் கொட்டகைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுப்பதானால் இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். 1/240 ஷட்டரில் அந்த மின்னல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தெரியும், மெதுவாக்கினால் சுவரே துடிக்கும். அங்கே ஃப்ரேம் ரேட் 50, ஷட்டர் 1/100 என்று வைத்துப் பாதி வேகத்தோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. இல்லையென்றால் கதவுப் பக்கம் வந்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

எடிட்டிங் மேசையில் இரண்டு சின்ன விஷயம். ஆப்டிகல் ஃப்ளோ போட்டதும் முன்னோட்டம் நின்று நின்று ஓடினால் காட்சி கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கணினி திணறுகிறது. ரெண்டர் கேஷை ஓடவிட்டுப் பிறகு பாருங்கள். பிரீமியரில் வேகம் மாற்றிய கிளிப்பில் வார்ப் ஸ்டெபிலைசர் போட்டால் ஏற்காது. கிளிப்பை நெஸ்ட் செய்துவிட்டு அதன்மேல் போடுங்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, எதை மெதுவாக்குவது என்ற கேள்வி வருகிறது. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

பாத்தியில் உப்பு வாருகிற ஒரு அக்காவிடம் அவருடைய காட்சியைப் போனில் போட்டுக் காட்டினேன். நான்கு மடங்கு மெதுவாக, பலகை வருகிறது, அலை எழும்புகிறது, கை நரம்பு புடைக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, இவ்ளோ மெள்ள வாருனா யாரு கூலி குடுப்பா?" பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு, "ஓடுற மாதிரியே வுடு, நாங்க எப்பிடி வாருறோம்னு தெரியட்டும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் ரசனை இல்லை. அவருடைய வேலையின் கடினமே அதன் வேகத்தில் இருக்கிறது. உப்பு விளைந்த பாத்தி காத்திருக்காது, வெயிலும் காத்திருக்காது. தை மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரைதான் இந்தத் தொழில். மழைக்கு முன்னால் வாரியதுதான் வருமானம். அந்த அவசரத்தை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு புல்லாங்குழலும் சேர்த்தால் உழைப்பு நாட்டியமாகிவிடும். ஈசிஆரில் வண்டியை நிறுத்தி எடுக்கப்படும் உப்பளக் காணொளிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பார்க்க இனிமையாக இருக்கும், கால் வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கும் எரிச்சல் அதில் எங்கும் தெரியாது.

அதன்பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டேன். மனிதர் உழைக்கும்போது நிஜ வேகம். கண்ணால் பிடிக்க முடியாத பொருளுக்கு மட்டும் ஸ்லோ மோஷன்: பலகைக்கு முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிவது, கவிழ்த்த கூடையிலிருந்து கடைசிப் பிடி உப்பு விழுவது, ஈர உப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது. ஒரு ஷாட்டுக்குள்ளேயே வேகத்தை மாற்றவும் முடியும். இழுவை நிஜ வேகத்தில் தொடங்கி, அலை உடையும் இடத்தில் மட்டும் இறங்கி, மறுபடி நிஜ வேகத்துக்கு ஏற வேண்டும். 120-இல் எடுத்திருந்தால் இதற்கு ஆப்டிகல் ஃப்ளோவே வேண்டாம், ஸ்பீட் ராம்ப் போதும். ரிசால்வில் ரீடைம் கர்வைத் திறந்து வளைவை மென்மையாக்கிவிட்டால், எங்கே மாறியது என்றே தெரியாது. நிஜ வேகப் பகுதி மட்டும் 1/240 ஷட்டரால் கொஞ்சம் வறண்டு தெரியும். அங்கே சிறிது மோஷன் ப்ளர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு பூப்பதை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்லோ மோஷன் எதுவும் செய்யாது. பாத்தித் தண்ணியின் உப்புச் செறிவு 25 டிகிரி போமேயை ஒட்டி வரும்போது, காற்றில்லாத நேரத்தில், மேற்பரப்பில் மெல்லிய ஏடுகள் மிதக்கத் தொடங்கும். அது மணிக்கணக்கில் நடப்பது. ட்ரைபாட் போட்டு, சில நொடிக்கு ஒரு படம் என்று எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். பாத்திக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஆட்கள் நடக்காத வரப்பாகப் பார்த்து ட்ரைபாடை வையுங்கள்.

கடைசியாக ஒலி. மெதுவாக்கிய காட்சியில் ஒலியையும் இழுத்தால் அது உறுமல். பல போன்களும் கேமராக்களும் அதிக ஃப்ரேமில் ஒலியைப் பதிவதே இல்லை. அதனால் காட்சி எடுத்து முடித்ததும் அதே வரப்பில் நின்று, கேமராவை மறந்துவிட்டு, ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பலகை உப்பை உரசும் சத்தம், கூடை இறங்கும் சத்தம், அவர்களுக்குள் பேசிக்கொள்வது. இதையெல்லாம் நிஜ வேகத்திலேயே காட்சிக்கு அடியில் ஓடவிடுங்கள். கண் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் பார்க்கும்போதும் காது நிஜ நேரத்தில் நிற்கும், வேலையின் கனம் குறையாது. காற்று அதிகமுள்ள இடம், மைக்குக்குப் பஞ்சு உறை போட மறக்காதீர்கள். உப்புக்காற்று பட்ட கேமராவையும் ட்ரைபாடையும் அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்து உலரவையுங்கள், மறுநாளுக்கு வைத்தால் திருகெல்லாம் பிடித்துக்கொள்ளும்.